கேபினும் ஒரு வீடுதான்

(வேடசந்தூரில் இளைஞர்கள் கூடிய படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"படிச்ச படிப்புக்கு வேலை இல்ல, லாரிக்குப் போகலாம்னு இருக்கேன்" என்று என்னிடம் சொன்ன தம்பிகள் இந்தக் கூட்டத்திலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். ஹெவி லைசென்ஸ் எப்படி எடுப்பது, யாரிடம் போய் வேலை கேட்பது என்று விசாரித்தார்கள். அதைப் பற்றியும் பேசுவேன். ஆனால் அதோடு சேர்த்து இன்னொரு கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கிறது. நெடுந்தூர லாரியில் ஒருவன் முதன்முதலாக எப்படி ஏறுகிறான்? அவனை யார் ஏற்றிவிடுகிறார்கள்? இன்று நான் பேசப்போவது இதைத்தான்.

நம் ஊருக்கு இது தூரத்து விஷயம் கிடையாது. நம்மை ஒட்டி ஓடுகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கிறது. பெரியவர்கள் இன்னும் பழைய கணக்கில் 'ஏழாம் நம்பர் ரோடு' என்றுதான் சொல்கிறார்கள். அதில் வடக்கே போனால் கரூர், அதைத் தாண்டினால் நாமக்கல். டேங்கர், டிரெய்லர், பாடி கட்டும் பட்டறை என்று லாரித் தொழிலுக்கே பேர்போன ஊர். பக்கத்திலேயே சங்ககிரி இருக்கிறது, ரிக் வண்டிக்குத் திருச்செங்கோடு இருக்கிறது. இந்தப் பக்கம் ஒட்டன்சத்திரம் சந்தையிலிருந்து காய்கறி லோடு கேரளாவுக்குப் போகிறது. நம்மைச் சுற்றியுள்ள நூற்பாலைகளுக்குக் குஜராத்திலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் பஞ்சுப் பொதி வருகிறது. இங்கிருந்து நூல் வெளியூர்களுக்குப் போகிறது. ஆக, லாரி நம் வாசல் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஏறுவதுதான் கேள்வி.

என் முனைவர் பட்ட ஆய்வுக்காக இந்தச் சாலையில் ஓட்டுநர்களோடும் முன்னாள் கிளீனர்களோடும் சிறு முதலாளிகளோடும் பேசி வருகிறேன். காலனிகளில் உரிமம் வைத்திருக்கிற இளைஞர்கள் நிறையப் பேரைச் சந்தித்தேன். அவர்கள் என்ன ஓட்டுகிறார்கள்? மில் வேன், டாட்டா ஏஸ், டிப்பர், டிராக்டர், தண்ணீர் லாரி. ராத்திரிக்குள் வீடு திரும்பும் வண்டிகள். வடமாநில லோடுக்குப் போகிறவர் என்று தேடினால் விரல்விட்டு எண்ண வேண்டியிருந்தது.

ஏன் என்று கேட்டால் ஒரு முதலாளி சட்டென்று பதில் சொன்னார்: "அவங்க பசங்க வீட்ட விட்டு வெளிய போக மாட்டாங்க தம்பி." இதை நான் நம்பத் தயாரில்லை. இதே தெருக்களிலிருந்துதான் திருப்பூர் பனியன் கம்பெனிக்கும், கேரளாவில் கட்டட வேலைக்கும், வளைகுடா நாடுகளுக்கும் போயிருக்கிறார்கள். வீட்டை விட்டுப் போகத் தயங்காதவன் லாரியில் ஏறத் தயங்குவானேன்?

சட்டம் சொல்கிற வாசலை முதலில் பார்ப்போம். 18 வயதில் இலகு ரக வாகன உரிமம் எடுக்கலாம். அதை வைத்து ஓராண்டு ஆன பிறகு, சரக்கு வண்டிக்கான பழகுநர் உரிமம் கேட்கலாம். 20 வயது நிறைந்தால்தான் சரக்கு வண்டியைச் சாலையில் ஓட்ட முடியும். கனரக வண்டிக்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சான்று வேண்டும். எட்டாம் வகுப்பாவது படித்திருக்க வேண்டும் என்றிருந்த விதியை 2019இல் ஒன்றிய அரசு நீக்கிவிட்டது. கேஸ் டேங்கர் போன்ற ஆபத்தான சரக்குக்குத் தனியாக மூன்று நாள் பயிற்சி எடுத்து உரிமத்தில் பதிய வேண்டும். இந்தப் பட்டியலில் எங்கேயும் சாதி இல்லை.

சிக்கல் உரிமம் கைக்கு வந்த மறுநாள் தொடங்குகிறது. பல லட்ச ரூபாய் வண்டியையும், அதைவிட மதிப்புள்ள லோடையும் புதுப் பையன் கையில் எந்த முதலாளியும் கொடுக்க மாட்டார். அவர் கேட்கிற முதல் கேள்வி, "இதுக்கு முன்னாடி யார்கிட்டப்பா இருந்த?" என்பது. அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தவர்கள் கிளீனராக இருந்தவர்கள். வண்டி கழுவுவது, தார்ப்பாய் போட்டுக் கயிறு இறுக்குவது, ஜாக்கி போட்டு டயர் மாற்றுவது, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று தட்டுவது, டிரைவர் கண்ணயராமல் பேச்சுக் கொடுப்பது என்று இரண்டு மூன்று வருடம் போகும். ஒருநாள் ராத்திரி, போக்குவரத்து குறைந்த சாலையில், "இந்தா, கொஞ்சம் பிடி" என்று டிரைவர் ஸ்டியரிங்கைக் கொடுப்பார். தலைமுறை தலைமுறையாக லாரி ஓட்டுநர்கள் படித்த பள்ளிக்கூடம் இதுதான். இதற்கு விண்ணப்பம் கிடையாது, தேர்வு கிடையாது. எப்படிச் சேர்ந்தீர்கள் என்று நான் கேட்டவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்கள் இரண்டுதான்: "எங்க மாமா கூட்டிட்டுப் போனாரு", "எங்க ஊர் அண்ணன் வண்டி."

மாமாவும் ஊர் அண்ணனும் எந்தச் சாதிக்காரர்களாக இருப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உறவு ஒரு காரணம். இன்னொரு காரணம் கேபின்.

நெடுந்தூர லாரியின் கேபின் வேலை செய்கிற இடம் மட்டும் கிடையாது, அது ஒரு வீடு. குஜராத் போய் லோடு இறக்கி, திரும்பி வர லோடு கிடைக்கிற வரை காத்திருந்து வீடு வந்து சேரப் பல நாள் ஆகும். அத்தனை நாளும் ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே கேனில் தண்ணீர் குடித்து, ஒரே பலகையில் மாறி மாறிப் படுக்க வேண்டும். டிப்பர் வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் மாலையில் அவனவன் தெருவுக்குப் போய்விடுவான். வடமாநில வண்டியில் அப்படிப் பிரிய முடியாது. இரட்டைக் குவளை பழகிய ஊரில் வளர்ந்தவர், தன் தண்ணீர்க் கேனில் வாய் வைக்கிற கிளீனரை எங்கிருந்து கூட்டி வருவார்? ஊர்த்தெருவில் நமக்கு வாடகைக்கு வீடு கொடுக்காததற்கு என்ன காரணமோ, அதுதான் இங்கேயும் காரணம்.

ஐம்பது வயதைக் கடந்த அருந்ததியர் ஒருவர், இளவயதில் இரண்டு ஆண்டு கிளீனராகப் போனவர், என்னிடம் சொன்னது இது: "கேபின்ல படுக்க விடமாட்டாங்க தம்பி. லோடு மேல தார்ப்பாய்லதான் படுக்கை. என் தட்டு மட்டும் டூல்பாக்ஸ்ல ஜாக்கியோட கிடக்கும். ஸ்டியரிங்க ஒரு நாளும் தொட விடல. அப்புறம் என்னத்துக்குன்னு இறங்கிட்டேன்." பிறகு கடைசிவரை அவர் லோடுமேனாகவே இருந்தார். லாரியில் மூட்டை ஏற்றினார், இறக்கினார், அதை ஓட்டவில்லை. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள இந்த உறவை அண்ணல் அம்பேத்கர் தன் உடம்பிலேயே அனுபவித்தார். 1901இல் சிறுவனாக, கோரேகானில் வேலை பார்த்த அப்பாவைப் பார்க்க மசூர் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் மாட்டு வண்டிக்காரர் யாரும் வரவில்லை. கடைசியில் ஒருவர் ஒப்புக்கொண்டார். கூலி இரட்டிப்பு. வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். 1929இல் பாரிஸ்டர் ஆன பிறகு சாலிஸ்கான் போகிறார். அங்கேயும் தீண்டப்படாதவரை ஏற்றிக்கொண்டு போக டாங்கா ஓட்டுநர்கள் மறுத்தார்கள். வண்டியை வாடகைக்குத் தர உரிமையாளருக்குத் தடையில்லை, ஓட்ட மட்டும் ஆளில்லை. எனவே மகர் மக்களில் ஒருவர் ஓட்டினார். அவருக்கு அது பழக்கப்பட்ட தொழில் இல்லை. பாலத்தில் சக்கரம் சிக்கி, அம்பேத்கர் தூக்கியெறியப்பட்டு, கால் முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் விழுந்தன.

இந்த இரண்டாவது நிகழ்ச்சியைத் தீண்டாமைக் கொடுமைக்குச் சான்றாகப் பலமுறை பேசியிருக்கிறோம். இன்றைய தலைப்புக்காக அதை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். அன்று ஓட்டியவர் ஒரு புது ஓட்டுநர். தலைவரைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும் என்ற அன்பு அவருக்கு இருந்தது. கடிவாளம் பிடித்த அனுபவம் இல்லை. தொழிலைக் கற்றுக்கொள்கிற இடத்தில் ஒரு சமூகத்தைச் சேர்க்காமல் வைத்தால், அதன் விலையை அந்தச் சமூகம் தன் உயிராலும் காலாலும் கொடுக்கிறது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரியதா என்றால், இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1977இல் தீர்ப்பான ஒரு வழக்கு நமக்கு மிக நெருக்கமானது. நாடு முழுக்கச் சரக்கு ஏற்றும் ஒரு பெரிய நிறுவனம். ஊருக்குள் ஓட்டும் வேலையிலும் வண்டி பராமரிக்கும் வேலையிலும் கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொண்டது. நல்ல சம்பளம் உள்ள நெடுந்தூர வேலை மட்டும் வெள்ளையருக்கு. 1971 மார்ச்சில் அங்கே நெடுந்தூர ஓட்டுநர்கள் 1,828 பேர் இருந்தார்கள். அதில் கறுப்பினத்தவர் 8 பேர். வழக்கு தொடங்கிய பிறகு சேர்க்கப்பட்டவர்கள் அந்த எட்டுப் பேரும். நம் தெருவில் மில் வேனுக்கும் வடமாநில வண்டிக்கும் நடுவில் இருக்கிற அதே கோடு அங்கேயும் இருந்தது.

அந்தத் தீர்ப்பில் நாம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய இடம் ஒன்று உண்டு. "இவர்கள் நெடுந்தூர வேலை கேட்டு விண்ணப்பிக்கவே இல்லையே" என்ற வாதம் அங்கே வந்தது. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்ததால் கேட்காமல் விட்டவரும் பாதிக்கப்பட்டவராக இருக்கலாம், அதை நிரூபித்தால் அவரும் நிவாரணம் கேட்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. "உங்க ஆளுங்க யாரும் கேட்டு வரலையே" என்று இங்கே ஒருவர் சொன்னால், இந்த வழக்கை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, இப்போது காலம் மாறிவிட்டதே, டிரைவர் கிடைக்கவில்லை என்று முதலாளிகளே புலம்புகிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். முன்பு இந்தத் தொழிலில் இருந்த குடும்பங்கள் பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்க அனுப்பிவிட்டன. ஆள் தட்டுப்பாடு வந்ததும் நமக்கும் கதவு லேசாகத் திறக்கிறது. ஆனால் எந்த நிலையில் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். தேசிய பெர்மிட் லாரிக்கு இரண்டு ஓட்டுநர் கட்டாயம் என்றிருந்த விதி 2018இல் நீக்கப்பட்டது. செலவைக் குறைக்க கிளீனரையும் நிறுத்திவிட்டார்கள். கேபின் இப்போது ஒற்றை ஆள் வீடு. உள்ளே யாரும் இல்லாததால் தீட்டுப் பிரச்சினை இல்லை, நம் பையன் ஏறலாம். ஆனால் சொல்லிக்கொடுக்கவும் ஆளில்லை, தூக்கம் வந்தால் மாற்றிவிடவும் ஆளில்லை. பள்ளிக்கூடத்தை மூடிய பிறகு நமக்கு அனுமதி கொடுக்கிறார்கள்.

வேலை நேரத்துக்குச் சட்டம் இல்லையா? இருந்தது. 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து ஓட்டினால் அரை மணி ஓய்வு என்றது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவின் தொழிலாளர் உறுப்பினராக அம்பேத்கர் இருந்த காலத்தில் முன்னெடுக்கப்பட்டு, 1946இல் ஆலைத் தொழிலாளிக்குச் சட்டமான அதே 48 மணி நேரம்தான் இது. ஆனால் ஐந்து தொழிலாளர்களுக்குக் குறைந்த நிறுவனத்துக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தவில்லை. நம் பக்கத்தில் ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருக்கிற முதலாளிகள் ஏராளம். அந்த வண்டியில் ஓட்டுகிறவனுக்கு அந்தச் சட்டம் இல்லாத மாதிரிதான் இருந்தது. இந்தச் சட்டத்தையும் உள்ளடக்கி 2020இல் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, ஐந்து என்ற எல்லையைப் பத்தாக உயர்த்தியது. லாரி கேபினுக்கு ஏசி கட்டாயம் என்று 2025 அக்டோபர் முதல் தயாராகும் வண்டிகளுக்கு விதி வந்திருக்கிறது. வரவேற்போம். ஆனால் குளிர்ந்த கேபினிலும் தூங்காமல் பதினாறு மணி நேரம் ஓட்டினால் விபத்துதான்.

இதில் பிற சாதி ஓட்டுநர்களும் நம்மோடு சேர்ந்துதான் பாதிக்கப்படுகிறார்கள். அதை மறைக்கக் கூடாது. ஆனால் பாதிப்பு ஒரே அளவில் இல்லை. கிளீனர், டிரைவர், பிறகு ஓனர் என்று ஏறிப்போன கதைகளை நாமக்கல் பக்கம் பெருமையோடு சொல்வார்கள். உழைப்பு அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. உழைப்போடு, பைனான்ஸ்காரரிடம் ஜாமீன் கையெழுத்துப் போட்ட மச்சானும், அடமானம் வைக்க இரண்டு ஏக்கரும் இருந்தன. நமக்கு? 1892இல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் யார் யார் கையில் இருக்கிறது என்பது ஊரறிந்தது. நிலம் போனபோது நெல் மட்டும் போகவில்லை, லாரி வாங்க ஜாமீனும் போனது. அதனால் அதே உழைப்பைக் கொட்டுகிற நம் ஓட்டுநர் ஐம்பது வயதிலும் ஆக்டிங் டிரைவராகவே இருக்கிறார்.

இதை அரசுப் பேருந்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கேயும் ஸ்டியரிங்தான், அதே சாலைதான். ஆனால் அந்த வேலைக்கு அறிவிப்பு வருகிறது, தேர்வு நடக்கிறது, பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் 2009 முதல் அருந்ததியருக்கு 3 சதவீதம் என்று இட ஒதுக்கீடு இருக்கிறது. அங்கே மாமா தேவையில்லை. 1993இல் கன்னியாகுமரி மாவட்டத்தில் வசந்தகுமாரி என்ற பெண் அரசுப் பேருந்து ஓட்டுநராக முடிந்ததும் அந்த வாசல் வழியாகத்தான். ஆள் சொல்லி ஏறுகிற இடத்தில் சாதி உட்கார்ந்திருக்கும். விதி சொல்லி ஏறுகிற இடத்தில் அதைக் கேள்வியாவது கேட்க முடியும்.

எனவே நாம் என்ன கேட்க வேண்டும்? சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பயிற்சி. அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் நடத்தும் கனரக வாகனப் பயிற்சிப் பள்ளி கும்மிடிப்பூண்டியில் இருக்கிறது. மாநிலத்தின் வடகோடி. வேடசந்தூர் பையனுக்கு அது எட்டாத தூரம். திண்டுக்கல், கரூர், நாமக்கல் மாவட்டங்களுக்குப் பொதுவாக ஒரு பள்ளி, தங்கும் விடுதியோடும் உதவித்தொகையோடும் வேண்டும். உரிமம் வாங்கியவருக்கு அனுபவமுள்ள ஓட்டுநரோடு சில மாதம் சம்பளத்தோடு கூடவே ஓட்டிப் பழகும் ஏற்பாடும் சேர்ந்தால்தான் மூடிய கிளீனர் பள்ளிக்கூடத்துக்கு மாற்று ஆகும்.

இரண்டாவது, கடன். 1974இல் தொடங்கப்பட்ட தாட்கோ மூலம் மானியத்தோடு வாகனக் கடன் உண்டு. அது ஆட்டோவோடும் காரோடும் நின்றுவிடக் கூடாது. நாலைந்து ஓட்டுநர்கள் சேர்ந்து ஒரு லாரி வாங்கவும், அந்த வண்டிக்குத் தொடர்ந்து லோடு கிடைக்கவும் வழி செய்ய வேண்டும். அரசுக் கிடங்குகளின் சரக்கிலேயே அதைத் தொடங்கலாம்.

மூன்றாவது, தொழிலாளர் எண்ணிக்கை எதுவானாலும் வேலை நேரச் சட்டம் பொருந்த வேண்டும். ஒரு லாரி முதலாளியை மட்டும் பிடித்தால் போதாது. இத்தனை மணிக்குள் சரக்கு வந்து சேர வேண்டும் என்று நெருக்குகிற ஆலைகளும் பொறுப்பேற்க வேண்டும். இதற்கு எல்லாச் சாதி ஓட்டுநர்களையும் சேர்த்துத்தான் போராட முடியும். ஓடிப்போகும் ஓட்டுநருக்குப் பத்தாண்டு சிறை என்ற பிரிவை எதிர்த்து 2024 ஜனவரியில் நாடு முழுக்க ஓட்டுநர்கள் வண்டியை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு ஜூலை 1இல் புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது 106(2) என்ற அந்தப் பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. ஒன்றுசேர்ந்தால் நடக்கும் என்பதற்கு அது சமீபத்திய சான்று.

இனி, இந்த மாதமே வண்டி ஏறப்போகிற தம்பிகளுக்குச் சில வார்த்தை. சம்பளத்தில் ஒரு பகுதியையாவது வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். வண்டியின் இன்சூரன்சில் ஓட்டுநருக்கான இழப்பீட்டுப் பொறுப்பும் சேர்ந்தது. ஆனால் நீங்கள் அந்த வண்டியின் ஓட்டுநர்தான் என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஆக்டிங் டிரைவர்களின் குடும்பங்கள் பலவும் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். ஒவ்வொரு டிரிப்புக்கும் கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், தூங்கிய நேரத்தை ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். லோடு ரசீதைப் போனில் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவையுங்கள். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். விபத்து நடந்தால், கூட்டம் தாக்க வருகிற நிலை இருந்தாலொழிய, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது சட்டப்படி உங்கள் கடமை. 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிக்க வேண்டும். தூக்கம் வந்தால் நிறுத்துங்கள். லோடு தாமதமானால் வாடகைதான் குறையும்.

கடைசியாக ஒன்று. உங்களில் யாராவது நெடுந்தூர வண்டியில் நிலையாக ஊன்றிவிட்டால், அடுத்த பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள். நமக்கும் ஊர் அண்ணன்கள் வேண்டும். கூட்டிப்போகும்போது அவன் எந்தத் தெரு, என்ன ஆள் என்று கேட்காதீர்கள். நமக்குள்ளேயே பறையர், பள்ளர், அருந்ததியர் என்று தனித்தனித் தண்ணீர்க் கேன் வைத்துக்கொண்டால், நான் இவ்வளவு நேரம் பேசியதற்கு அர்த்தம் இல்லை. அடுத்த மாதக் கூட்டத்தில் உரிமம் வைத்திருப்பவர்களின் பட்டியலோடு உட்காருவோம். யார் யாரை நல வாரியத்தில் பதிய வேண்டும், பயிற்சிப் பள்ளி கேட்டு மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்க யார் யார் வருகிறார்கள் என்று அன்றே முடிவு செய்துவிடுவோம்.